பக்கத்து ஊர், வேறு அரசு: கனடாவில் முதற்குடிகளும் நகரசபைகளும்

கனடாவில் நகரசபைக் கூட்டங்கள் பலவும் இப்போது நில அங்கீகார வாசகத்தோடு தொடங்குகின்றன. ரொறன்ரோவில் நடக்கும் தமிழர் நிகழ்ச்சிகளிலும் அதைக் கேட்கலாம். இந்த மண் எந்த முதற்குடிகளுக்குரியது, எந்த ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது என்று இரண்டு மூன்று வரிகள் வாசிப்பார்கள், பிறகு நிகழ்ச்சி நிரலுக்குப் போய்விடுவார்கள். வாசிப்பதில் பிழையில்லை. ஆனால் ஒரு நகரசபையும் அதன் எல்லையை ஒட்டி வாழும் முதற்குடியும் எப்படிப் பழகுகின்றன என்று அறிய விரும்புபவருக்கு அந்த வரிகளில் ஒன்றும் கிடைக்காது. குடிநீர்க் குழாய் எல்லையைத் தாண்டிப் போகிறதா, போனால் கட்டணம் எந்தக் கணக்கில், பணம் நிலுவையானால் அடுத்தது என்ன, தீயணைப்பு வண்டி வருமா வராதா என்பவற்றைப் பார்க்கவேண்டும். இவை எழுதியிருக்கும் இடம் சேவை ஒப்பந்தம். இரு தரப்பு உறவு பிழைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்தின் வாசகங்களால்தான்.

கனடாவில் 630க்கு மேற்பட்ட முதற்குடிச் சமூகங்கள் இருக்கின்றன. இனுயிட், மெட்டீ என்னும் மற்ற இரு பழங்குடி மக்களின் நிலைமை சட்டப்படி வேறு என்பதால் இங்கே ரிசேர்வ் காணி, அதாவது முதற்குடிகளுக்கென ஒதுக்கிய காணி, உள்ள முதற்குடிகளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

இரண்டும் ஒரே வகை அரசு அல்ல

1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 91(24)ஆம் பிரிவு ‘இந்தியரையும் இந்தியருக்கு ஒதுக்கிய காணிகளையும்’ மத்திய அரசின் அதிகாரத்தில் வைத்தது. 92(8)ஆம் பிரிவு நகரசபைகளை மாகாணங்களிடம் கொடுத்தது. வேலியின் ஒரு பக்கம் ஒட்டாவாவின் சட்டம், மறு பக்கம் மாகாணத்தின் சட்டம் என்ற நிலை அன்று தொடங்கியது. 1876இல் வந்து, பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கும் இந்தியன் சட்டத்தின்படி ரிசேர்வ் காணி முடியின், அதாவது கனடா அரசின், பெயரில் இருக்கிறது. பயன்பாடு அந்த முதற்குடிக்கு. எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் நகரசபையின் வலய விதிகள் ரிசேர்வ் எல்லையோடு நின்றுவிடும். நகரசபை அங்கே சொத்து வரி விதிக்கவும் முடியாது.

இதை மறப்பதால் வரும் பிழைகள் இரு பக்கமும் உண்டு. நகர அலுவலர்கள் முதற்குடிச் சபையை வணிகர் சங்கம், குடியிருப்பாளர் சங்கம் போன்றவற்றோடு ஒரே பட்டியலில் போட்டு, பொதுக் கூட்டத்துக்கு வந்து சில நிமிடம் பேசும்படி அறிவித்தல் அனுப்புவார்கள். முடியோடு ஒப்பந்தம் செய்த அரசு ஒன்றுக்கு அது அவமதிப்பாகப் படும், பதிலே வராது. பதில் வராததை ‘அவர்களுக்கு அக்கறை இல்லை’ என்று நகரம் குறித்துக்கொள்ளும். மறுபக்கம், மாகாணம் மட்டுமே செய்யக்கூடியதை மேயரிடம் கேட்டு, அவர் கைவிரித்தால் ஏமாற்றிவிட்டார் என்று முதற்குடிச் சபை நினைப்பதும் உண்டு. நகரசபை மாகாணச் சட்டம் கொடுத்த அளவுக்கே இயங்கும். அன்றாடச் செலவுக்குப் பற்றாக்குறை வரவுசெலவுத் திட்டம் போடக்கூட அதற்கு உரிமையில்லை.

சட்டம் கட்டாயப்படுத்துமா என்று கேட்டால், நகரசபையைப் பொறுத்தவரை மிகக் குறைவு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சாமன் ஆம் நகரில், ஆற்றுச் சமவெளியில் கடைத்தொகுதி ஒன்றுக்கு நகரம் அனுமதி கொடுத்ததை எதிர்த்து நெஸ்கொன்லித் முதற்குடி வழக்குப் போட்டது. முதற்குடியோடு கலந்தாலோசிக்கும் கடமை முடிக்குரியது, நகரசபைக்குத் தனியாக அப்படி ஒரு கடமை இல்லை என்று மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. பழங்குடிப் பிள்ளைகளுக்கான வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் வைத்த 94 கோரிக்கைகளில் சில நகரசபைகளையும் பெயர் சொல்லி அழைத்தன. பழங்குடிகளின் உரிமை பற்றிய ஐ.நா. பிரகடனத்தைச் செயலாற்றும் சட்டகமாக ஏற்கச் சொல்லும் 43ஆவது, அரச ஊழியருக்குப் பயிற்சி கேட்கும் 57ஆவது ஆகியன அவற்றுள் அடங்கும். கோரிக்கை கட்டளையாகாது. ஆகவே, இரு சபைகளும் தாமாக எழுதிக் கையெழுத்திடும் ஒப்பந்தமே அவற்றுக்கிடையே உள்ள சட்டம் என்று சொல்லிவிடலாம்.

தண்ணீர் போன பாதை

சேவை ஒப்பந்தம் இல்லாத அயல் உறவு எப்படிப் போகும் என்பதற்கு ஷோல் லேக் 40 என்ற முதற்குடியின் கதையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை. மனிரோபா–ஒன்ராறியோ எல்லையில் இருக்கும் ஷோல் ஏரியிலிருந்து வினிபெக் நகரத்துக்கு 1919 முதல் குடிநீர் போகிறது. சுமார் 150 கிலோமீற்றர் நீளக் கால்வாய்க் குழாய். ஏரி உயரத்தில் இருப்பதால் தண்ணீர் சரிவிலேயே ஓடிவிடும். ஏரிக்குள் விழும் பால்கன் ஆற்றின் தேயிலை நிறத் தண்ணீர் குழாய்வாய்க்கு வராதபடி அணை கட்டி, ஒரு வாய்க்கால் வெட்டி அதைத் திருப்பினார்கள். அந்த வாய்க்கால் ஷோல் லேக் 40 மக்களின் குடியிருப்பைத் தரையிலிருந்து பிரித்துத் தீவாக்கியது. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மேல் பாதை. பனி உறையும் வாரங்களிலும் உருகும் வாரங்களிலும் இரண்டும் ஆபத்து.

நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த ஏரியின் கரையில், அந்த மக்களுக்கு 1990களின் பிற்பகுதியிலிருந்து ‘கொதிக்கவைத்துக் குடிக்கவும்’ என்ற எச்சரிக்கை நடைமுறையில் இருந்தது. சுத்திகரிப்பு நிலையம் ஏன் கட்டவில்லை? பாதை இல்லாததால் கட்டுமானப் பொருட்களைக் கொண்டுபோகும் செலவு மதிப்பீட்டைத் தூக்கிவிட்டது. பாதை ஏன் போடவில்லை? மத்திய அரசு, மாகாணம், நகரம் மூன்றில் யார் பணம் போடுவது என்பது முடிவாகவில்லை. 1989இல் நகரம், மாகாணம், முதற்குடி மூன்றும் 60 ஆண்டுக்கான ஒப்பந்தம் ஒன்று செய்தன. ஏரியை மாசுபடுத்தும் தொழில்களைச் செய்வதில்லை என்று முதற்குடி ஒப்புக்கொண்டது. ஈடாக அறக்கட்டளை நிதி வந்தது. தண்ணீரைக் காப்பது பற்றிய அந்த ஏற்பாடு பாதைப் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. கடைசியில் மூன்று அரசுகளும் செலவைப் பகிர்ந்து போட்ட 24 கிலோமீற்றர் ‘விடுதலைப் பாதை’ 2019 ஜூனில் திறந்தது. லொறி போகத் தொடங்கியதும் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. 2021 செப்டெம்பரில் எச்சரிக்கை நீங்கியது. நூறு ஆண்டு இழுபட்ட விடயம், பாதை வந்து இரண்டு ஆண்டில் முடிந்தது.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கவேண்டும்

பெரும்பாலான இடங்களில் கதை இவ்வளவு கசப்பாக இல்லை. நகரத்தின் சுத்திகரிப்பு நிலையத்தில் மிச்சக் கொள்ளளவு இருக்கும்; ரிசேர்வ் எல்லை இரண்டு மூன்று கிலோமீற்றரில் இருக்கும். தனி நிலையம் கட்டிப் பயிற்சிபெற்ற ஆட்களை வைத்து நடத்துவதைவிட குழாய் நீட்டுவது மலிவு. குடிநீர், கழிவுநீர், குப்பை, தீயணைப்பு, வீதிப் பனி அகற்றல், நூலகம், நாய் பிடிப்பது வரைக்கும் இப்படி விலைக்கு வாங்கலாம். கனடா நகரசபைகள் கூட்டமைப்பு மாதிரி ஒப்பந்தங்களை வெளியிட்டிருக்கிறது. அவற்றை அப்படியே பிரதி எடுத்துப் பெயரை மாற்றிக் கையெழுத்திடுவதுதான் முதல் தவறு. குழாயும் மண்ணும் ஊருக்கு ஊர் வேறு.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். எல்லையில் ஒரு நீர்மானி அறை இருக்கும். அதுவரை நகரத்தின் சொத்து, அதற்கப்பால் முதற்குடியின் சொத்து என்று எழுதுவது வழக்கம். அறை, நீர்மானி, வால்வு மூன்றும் யாருடையவை, நீர்மானியை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்ப்பது என்பவற்றையும் எழுதவேண்டும். எழுதாவிட்டால், பழைய நீர்மானி குறைத்துக் காட்டுகிறது என்று நகரமும் கூட்டிக் காட்டுகிறது என்று முதற்குடியும் பத்தாவது ஆண்டில் சண்டை பிடிக்கும்.

அடுத்தது குழாயின் பருமன். இன்றைய வீடுகளின் தேவைக்கு 100 மில்லிமீற்றர் குழாய் போதும் என்று கணக்கு வரலாம். ஆனால் தெருவில் தீயணைப்பு ஹைட்ரண்ட் வைப்பதானால் குறைந்தது 150 மில்லிமீற்றர் வேண்டும். தள்ளித் தள்ளி இருக்கும் சிறிய வீடுகளுக்கே தீயணைக்க நிமிடத்துக்கு சுமார் 2,000 லீற்றர் தேவை என்பது காப்புறுதித் துறையின் கணக்கு. நான்கு பேர் உள்ள ஒரு வீடு நாள் முழுக்கச் செலவழிக்கும் நீரை ஹைட்ரண்ட் அரை நிமிடத்தில் கொட்டிவிடும். குழாயைப் பெரிதாகப் போட்டால் வேறு சிக்கல் வருகிறது. பாவனை குறைவாக இருப்பதால் தண்ணீர் குழாய்க்குள் பல நாள் தேங்கி நிற்கும், குளோரின் இறங்கும், முனையிலிருக்கும் வீடுகளில் பரிசோதனை பிழைக்கும். அதனால் ஹைட்ரண்டைத் திறந்து அவ்வப்போது நீரைக் கழுவிவிட வேண்டும். கழுவிவிடும் நீரும் எல்லை நீர்மானியைத் தாண்டித்தான் வருகிறது; அதற்கும் பில் வரும். இந்த நீருக்கு விலை உண்டா இல்லையா என்பது ஒரு வரி. பல ஒப்பந்தங்களில் அந்த ஒரு வரி இல்லை.

கசிவும் அப்படித்தான். நீர்மானிக்கு அப்பால் உறைபனியில் குழாய் வெடித்தால் கசியும் நீர் முதற்குடியின் கணக்கு. திடீரென்று இரு மடங்கு பில் வரும்போது ‘ஏமாற்றுகிறார்கள்’ என்ற எண்ணம் முதலில் வரும். அதைத் தவிர்க்க எளிய வழி இருக்கிறது. ஊர் உறங்கும் அதிகாலை இரண்டு முதல் நான்கு மணிவரை நீர்மானி காட்டும் ஓட்டத்தை நகரம் வாராவாரம் முதற்குடியின் நீர் இயக்குநருக்கு அனுப்பினால் போதும். அந்த நேரத்தில் ஓட்டம் கூடினால் அது கசிவு. மூன்று மாதம் கழித்து பில்லைப் பார்த்து அறிய வேண்டியதை அந்த வாரமே அறியலாம்.

எதிர்கால வீடுகளுக்கான கொள்ளளவையும் இப்போதே ஒதுக்கவேண்டும். முதற்குடி அடுத்த பதினைந்து ஆண்டில் எத்தனை வீடு கட்டப்போகிறது, பாடசாலை வருமா, கடைத்தொகுதி வருமா என்று கேட்டு, நாளொன்றுக்கு இத்தனை கனமீற்றர் என்று எழுதாவிட்டால், நகரம் தன் புதிய குடியிருப்புகளுக்கு அந்தக் கொள்ளளவைக் கொடுத்துவிடும். பிறகு நிலையத்தை விரிவாக்கும் செலவு முழுவதும் கடைசியாகக் கேட்டவர் தலையில் விழும்.

நீர் மாதிரி பிழைத்தால் யார் யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வது? வேலியின் ஒரு பக்கம் மாகாண விதியும் மறு பக்கம் மத்திய அரசின் சுகாதார அலுவலரும் இருப்பதால் நகரத்தின் எச்சரிக்கை ரிசேர்வுக்குத் தானாகப் போகாது. பெயர், பகல் தொலைபேசி, இரவுத் தொலைபேசி கொண்ட ஒரு பக்கம் இணைப்பாக இருக்கவேண்டும். ஆண்டுக்கு இருமுறை அதைச் சரிபார்க்கவேண்டும். வேலையை விட்டுப் போனவரின் எண் அந்தப் பக்கத்தில் கிடந்தால் ஒப்பந்தம் முழுவதும் வீண்.

பணம்

கட்டணத்துக்கு மூன்று வழி வழக்கத்தில் உள்ளன. நீர்மானிப்படி மொத்த விலை ஒன்று, வீட்டுக்கு இவ்வளவு என்பது இன்னொன்று, அதே காணி நகரத்துக்குள் இருந்தால் வரக்கூடிய சொத்து வரியில் இத்தனை வீதம் என்பது மூன்றாவது. மூன்றாவதில்தான் தகராறு அதிகம். நகரச் சொத்து வரிக்குள் வீதி, பூங்கா, பொலிஸ் எல்லாம் அடங்கும். முதற்குடி தன் வீதியைத் தானே பராமரிக்கும்போது அதற்கும் ஏன் கட்டவேண்டும் என்று கேட்கும். நகரமோ, மொத்த விலையில் மட்டும் விற்றால் குழாய் தேயும் செலவு தன் குடிமக்கள்மேல் விழுகிறது என்று சொல்லும். இரண்டு வாதமும் நியாயமானவை. சேவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் உண்மைச் செலவையும் தேய்மானத்தையும் இரு பக்க நிதி அலுவலரும் சேர்ந்திருந்து கணக்கிடுவது தவிர வேறு வழி தெரியவில்லை. ஆண்டு உயர்வுக்கு ஒரு விதி போதும்: நகரக் குடியிருப்பாளருக்கு எத்தனை வீதம் கூடுகிறதோ அதே வீதம்தான் ரிசேர்வுக்கும்.

சிறிய விடயம்போல் தோன்றிப் பெரிய எரிச்சலைக் கிளப்புவது நிதியாண்டு. மத்திய அரசின் பணம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான கணக்கில் முதற்குடிக்கு வருகிறது. ஒன்ராறியோ, பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற மாகாணங்களில் நகரசபையின் ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. நகரம் ஜனவரியில் விலையைக் கூட்டினால், முதற்குடியின் வரவுசெலவுத் திட்டத்தில் இன்னும் மூன்று மாதத்துக்குப் பழைய விலைதான் இருக்கும். பாக்கி விழுவதற்கு யாரும் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. புதிய விலையை முந்திய ஆண்டு ஒக்டோபருக்குள் அறிவித்து, ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவருவது என்று எழுதினால் தீர்ந்தது. முதற்குடிகளின் நீர் நிலையங்களை இயக்கவும் பராமரிக்கவும் சூத்திரப்படி வரும் செலவில் 80 வீதத்தையே மத்திய அரசு முன்பு கொடுத்தது. 2020இன் இறுதியில்தான் அதை முழுவதுமாக்க முடிவு செய்தது. பழைய பாக்கிகள் பலவற்றின் வேர் அந்த 20 வீதத்தில் இருந்தது.

நகரசபைகளின் பெரிய பயம் பணம் வசூலாகாமல் போவது. வழமையான வீட்டுக்காரர் தண்ணீர்க் காசு கட்டாவிட்டால் நகரம் அதைச் சொத்து வரியோடு சேர்த்து, கடைசியில் காணியையே விற்கலாம். ரிசேர்வில் அது முடியாது. இந்தியன் சட்டத்தின் 89ஆம் பிரிவு முதற்குடியினரின் ரிசேர்வ் சொத்தை வெளியார் கைப்பற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே நகரச் சட்டத்தரணிகள் முதலில் எழுதும் வரைவில் ‘பணம் நிலுவையானால் 30 நாளில் சேவை நிறுத்தப்படும்’ என்ற வரி இருக்கும். அதை ஏற்கக் கூடாது. ஒரு வீட்டின் குழாயை மூடுவது வேறு. ஊர் முழுவதற்கும் ஒரே வால்வாக இருக்கும்போது அதை மூடுவது வேறு. மூன்று மாதக் கட்டணத்தை முற்பணமாக வைப்பது அல்லது வங்கி உத்தரவாதம் கொடுப்பது நகரத்தின் பயத்தைப் போதிய அளவு தீர்க்கும். தகராறு வந்தால் முதலில் நிதி அலுவலர்கள், பிறகு நிர்வாகிகள், பிறகு மேயரும் தலைவரும், அதன்பின் நடுவர் என்று படி வைத்து, ஒவ்வொரு படிக்கும் நாள் குறிக்கவேண்டும். தகராறு தீரும்வரை சேவை தொடரும் என்ற வரி கட்டாயம்.

அந்த வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2015 பெப்ரவரியில் சஸ்காச்சுவானில் நடந்தது சாட்சி. மக்வா சகேய்க்கன் முதற்குடியில் வீடு ஒன்று தீப்பற்றி இரண்டு சிறு குழந்தைகள் இறந்தார்கள். பக்கத்து லூன் லேக் கிராமத்தின் தொண்டர் தீயணைப்புப் படைக்கு அழைப்புப் போனது, வண்டி போகவில்லை. முன்பிருந்த ஒப்பந்தம் முடிந்துபோயிருந்தது, பழைய பில் நிலுவையில் இருந்தது என்று கிராமம் சொன்னது. ரிசேர்வில் ஒரு தீயணைப்பு வண்டி இருந்தும் அதை இயக்கத் தேவையான கருவியும் பயிற்சியும் இருக்கவில்லை. பாக்கிக் கணக்கு வேறு, அழைப்புக்குப் போவது வேறு என்று தெளிவாக எழுதி வைக்கவேண்டும் என்பதை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

தீயணைப்பு ஒப்பந்தத்தில் சின்னச் சின்ன விடயங்கள் உயிரைக் காக்கும். ரிசேர்வ் ஹைட்ரண்டின் திருகும் நகர வண்டியின் குழாய்த் திருகும் பொருந்துகின்றனவா? வீடுகளுக்கு இலக்கமும் வீதிகளுக்குப் பெயர்ப் பலகையும் உண்டா, அவை 911 அழைப்பு மையத்தின் வரைபடத்தில் ஏறியிருக்கின்றனவா? பல ரிசேர்வுகளில் ‘இன்னாரின் வீட்டுக்கு அடுத்த வீடு’ என்றுதான் விலாசம். உள்ளூராருக்குப் போதும், இரவு இரண்டு மணிக்கு வெளியூரிலிருந்து வரும் சாரதிக்குப் போதாது. ஹைட்ரண்டைச் சுற்றிப் பனியை யார் வெட்டுவது என்பதையும் எழுதுங்கள்.

ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு என்று எழுதும் பழக்கத்தை விடவேண்டும். நிலத்தடிக் குழாய் ஐம்பது ஆண்டுக்கு மேல் இருக்கும். இருபது ஆண்டுக் காலம், ஐந்தாண்டுக்கொரு மீளாய்வு என்பது பொருத்தம். விலகும் அறிவித்தல் காலம், மற்றத் தரப்பு மாற்று நிலையம் கட்டி முடிக்க எடுக்கும் காலத்தைவிடக் குறையக் கூடாது.

நகரத்துக்குள்ளே ரிசேர்வ்

முடியோடு செய்த பழைய ஒப்பந்தங்களின்படி இன்னும் கிடைக்காத காணி உரிமைகளுக்கு ஈடாகவோ விலைக்கு வாங்கியோ முதற்குடிகள் நகரத்துக்குள் காணி பெற்று அதை ரிசேர்வாக மாற்றுவது 1980களிலிருந்து கூடியிருக்கிறது. சாஸ்கடூனில் மஸ்கெக் லேக் கிறீ முதற்குடி 1988இல் உருவாக்கிய வணிக ரிசேர்வ் இதில் முன்னோடி. மத்திய அரசின் கொள்கைப்படி, காணியை ரிசேர்வாக மாற்றும் முன் நகரசபைக்கு அறிவித்து 90 நாள் அவகாசம் தரவேண்டும். நகரம் தன் கவலைகளைச் சொல்லலாம். தடுக்கும் உரிமை அதற்கு இல்லை.

கவலை எப்போதும் வரியைப் பற்றியது. காணி வரிப் பட்டியலிலிருந்து போய்விடும் என்பது உண்மை. சாஸ்கடூன் உதாரணத்தில் வரிக்கு ஈடான சேவைக் கட்டணத்தை முதற்குடி கட்டுகிறது. தன் காணியிலிருக்கும் வணிகங்களிடமிருந்து அது வரி வசூலிக்கிறது. நகரத்துக்குக் கிடைக்கும் தொகை கிட்டத்தட்ட மாறவில்லை, கையெழுத்து மட்டும் மாறியது. சஸ்காச்சுவானின் 1992ஆம் ஆண்டுக் காணி உரிமை உடன்படிக்கை கிராமப்புறச் சபைகளுக்கு ஓராண்டு வரியின் 22.5 மடங்கை ஒரே தொகையாக ஈடு கொடுத்தது. வட்டியிலேயே அந்த வரி வரவேண்டும் என்பது கணக்கு.

வினிபெக்கில் இராணுவம் 2004இல் விட்டுப்போன முகாம் நிலம் நெடிய வழக்குகளுக்குப் பின் 2022இல் நாவி-ஊடெனா என்ற நகர ரிசேர்வாகியது. 160 ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு, 1871ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றின் கீழ் வரும் ஏழு முதற்குடிகளுக்குரியது. ஏழு சபைகளோடு தனித்தனியே பேசாமல் அவை சேர்ந்து அமைத்த ஒரே அமைப்போடு நகரம் சேவை ஒப்பந்தம் செய்தது.

வன்கூவரின் செனாக் இன்னும் பெரிய காரியம். 1913இல் ஸ்குவாமிஷ் மக்கள் வெளியேற்றப்பட்ட ஊரில் 10.5 ஏக்கர், நீதிமன்றத்தின் வழியாக இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களிடம் திரும்பியது. அங்கே சுமார் 6,000 வாடகை வீடுகள் கொண்ட கோபுரங்கள் எழும்புகின்றன. நகரத்தின் வலய விதி அங்கே செல்லாது என்பதால், அக்கம்பக்கத்தார் பழகியிருந்த பொது விசாரணை எதுவும் நடக்கவில்லை. 2022 மேயில் நகரமும் ஸ்குவாமிஷ் முதற்குடியும் கையெழுத்திட்ட சேவை ஒப்பந்தம் 120 ஆண்டுக்குரியது. ‘எங்களைக் கேட்கவில்லை’ என்ற அயலாரின் கோபம் புரிந்துகொள்ளக் கூடியது. ஆனால் பக்கத்து நகரம் தன் வலய விதியை மாற்றும்போது நம்மைக் கேட்பதில்லை என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

நகரத்துக்கும் முதற்குடிக்கும் இடையில் மட்டுமல்ல, முதற்குடியின் காணியில் குடியிருக்கும் வெளியாருக்கும் இதே கேள்வி எழும். கெலோனாவை அடுத்த வெஸ்ட்பாங்க் முதற்குடி 2005 முதல் சுயாட்சி ஒப்பந்தத்தின் கீழ் இயங்குகிறது. அதன் உறுப்பினர்களைவிடப் பல மடங்கு வெளியார் அங்கே குத்தகைக்கு வாழ்கிறார்கள். அவர்களுக்கு முதற்குடித் தேர்தலில் வாக்கில்லை; தங்கள் கருத்தைச் சொல்ல ஆலோசனைச் சபை ஒன்றைத் தெரிவு செய்கிறார்கள்.

யாரோடு பேசுவது, எப்போது தொடங்குவது

இந்தியன் சட்டத்தின் கீழ் தெரிவாகும் சபையின் அதிகாரம் ரிசேர்வ் எல்லைக்குள். மரபுக் காணி முழுவதற்கும் பேசும் உரிமை யாருக்கு என்பது வேறு கேள்வி. ஒன்ராறியோவின் கிராண்ட் ஆற்றங்கரையில் வாழும் ‘ஆறு குடிகள்’ என்ற முதற்குடியில் 1924இல் மத்திய அரசு தேர்தல் முறையைப் புகுத்தி மரபுத் தலைவர்கள் சபையை ஒதுக்கியது. மரபுச் சபை மறைந்துவிடவில்லை. 1784இல் அவர்களுக்கு வழங்கிய காணிப் பரப்பில் கலிடோனியாவில் வீடு கட்டும் திட்டம் 2006இல் முற்றுகைக்குள்ளானபோது, தெரிவான சபையோடு பேசினால் போதும் என்று நினைத்தவர்கள் தடுமாறினார்கள். எந்த விடயத்துக்கு எந்தச் சபை என்பதை அந்த மக்களிடமே முதலில் கேட்கவேண்டும். நகரசபை தனக்கு வசதியானவரைத் தெரிவு செய்யக்கூடாது.

தொடக்கம் தேவைக்கு முன்னால் வேண்டும். குழாய் உடைந்த பிறகோ வழக்குக் கடிதம் வந்த பிறகோ முதல்முறை சந்திப்பவர்கள் நண்பராவது கடினம். மேயர் தானே தலைவரைத் தொலைபேசியில் அழைப்பது, நகர எழுதுவினைஞரின் கடிதத்தைவிட மேல். முதல் சந்திப்பு முதற்குடியின் இடத்தில், நிகழ்ச்சி நிரலில்லாமல், சாப்பாட்டோடு. சில சமூகங்களில் மூத்தோருக்குப் புகையிலை கொடுத்துப் பேச்சைத் தொடங்குவது முறை. எல்லா இடத்திலும் அப்படியல்ல, கேட்டுச் செய்யவேண்டும். இரு சபைகளும் சேர்ந்து ஆண்டுக்கு இருமுறை, அலுவலர்கள் மூன்று மாதத்துக்கொருமுறை சந்திப்பதாக நட்பு உடன்படிக்கை ஒன்றை எழுதிய பிறகே சேவை ஒப்பந்தத்துக்குப் போவது நல்லது. நகரசபைகள் கூட்டமைப்பும் கான்டோ என்ற பழங்குடிப் பொருளாதார அமைப்பும் சேர்ந்து 2013 முதல் இப்படி அயல் ஊர்களை இணைகளாக்கி நடுநிலை ஆட்களின் உதவியோடு நடத்திவருகின்றன. மனிரோபாவில் ஆற்றின் இரு கரையில் இருக்கும் ஒபாஸ்க்வயாக் கிறீ முதற்குடியும் த பா நகரமும் அதில் சேர்ந்தவை.

உறவை அறுப்பது பெரும்பாலும் தேர்தல். இந்தியன் சட்டப்படி சபையின் காலம் இரண்டு ஆண்டு. வேறு சட்டத்தைத் தெரிவு செய்தவர்களுக்கு நான்கு. ஒன்ராறியோ நகரசபைகளுக்கு நான்கு. நாள்களும் பொருந்துவதில்லை. புதிய சபை பதவியேற்று 90 நாளுக்குள் இரு சபைகளும் கூடி ஒப்பந்தத்தை ஒருமுறை முழுவதும் வாசிக்கும் என்று எழுதி வைப்பது பயன் தரும்.

ஹூரன் ஏரிக்கரையின் சோபிள் கடற்கரை இதற்கு விலை உயர்ந்த பாடம். 1854ஆம் ஆண்டு ஒப்பந்தம் சோகீன் முதற்குடிக்குச் சுமார் ஒன்பதரை மைல் கரையை ஒதுக்கியது. மறு ஆண்டு அளந்த நில அளவையாளர் அதைக் குறைத்துக் குறித்தார். இரண்டு கிலோமீற்றருக்கு மேற்பட்ட மணற்கரை எல்லைக்கு வெளியே போனது. பல பத்தாண்டு வழக்கின்பின் 2014இல் மத்தியஸ்தத்தில் சமரசம் ஒன்று கைக்கெட்டியது: காணி முதற்குடிக்கு, கடற்கரை நிர்வாகம் இரு சபைக்கும் பொதுவாக. வீட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள், அந்த ஆண்டு ஒக்டோபர் தேர்தலில் நகரசபை மாறியது, சமரசம் கைவிடப்பட்டது. 2023 ஏப்ரலில் ஒன்ராறியோ மேல் நீதிமன்றம் கரை முதற்குடிக்குரியது என்று தீர்ப்பளித்தது. 2024 டிசெம்பரில் மேன்முறையீடும் தோற்றது. கூட்டு நிர்வாகத்தில் இடம் கிடைக்கவிருந்த நகரசபை, சட்டச் செலவோடு அந்த இடத்தையும் இழந்தது. காணி யாருடையது என்பதற்குத்தான் தீர்ப்பில் விடை உண்டு. கோடைக் கூட்டத்தின் குப்பை, வாகனத் தரிப்பிடம், கழிப்பறைக் கழிவுநீர், மீட்பு வண்டி வரும் வீதி ஆகியவற்றுக்கு இரு சபைகளும் ஒரு மேசையில் உட்கார்ந்துதான் எழுதவேண்டும், இம்முறை 2014இல் இருந்ததைவிடக் குறைந்த பேரம்பேசும் பலத்தோடு.